கைராசியை விடுங்க... வேரைப் பாருங்க!

செமஸ்டர் லீவு முடிஞ்சு ரூம் கதவைத் திறக்கிறீங்க. ஜன்னல் ஓரத்துல ஆசை ஆசையா வாங்கி வெச்ச செடி, அரியர் லிஸ்ட்ல தன் பேரைப் பார்த்த பையன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. உடனே என்ன பண்ணுவீங்க? வாட்டர் பாட்டிலை எடுத்து மடமடன்னு கவிழ்ப்பீங்க. மறுநாளும் கவிழ்ப்பீங்க. ஒரே வாரம்... செடி காலி! 'நமக்குக் கைராசியே இல்ல மச்சி'ன்னு தொட்டியை மொட்டை மாடிக்குக் கடத்திட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவீங்க. கரெக்டா?

கொஞ்சம் நில்லுங்க பாஸ்! இதுக்கும் கைராசிக்கும் சம்பந்தமே இல்லை. நீங்க தூக்கிப் போட்ட அந்தச் செடிக்கு அப்போ உயிர் இருந்திருக்கலாம். அதைக் கொன்னது நீங்க ஊருக்குப் போன பத்து நாள் இல்லை. திரும்பி வந்து காட்டின அந்த திடீர்ப் பாசம்தான்!

எரர் ஒண்ணு, காரணம் ரெண்டு

புரோகிராம் எழுதுறவங்களுக்கு இது ஈஸியா புரியும். ஒரே எரர் மெசேஜ் வரும், ஆனா காரணம் வேற வேறயா இருக்கும். செடி வாடுறதும் அப்படித்தான். தண்ணி இல்லாட்டியும் வாடும், தண்ணி அதிகமானாலும் வாடும்!

வேருக்கும் ஆக்சிஜன் வேணும். மண் துகள்களுக்கு நடுவுல இருக்கிற சின்னச் சின்ன இடைவெளிகள்ல இருந்துதான் அது கிடைக்குது. நாம தண்ணியைக் கொட்டிக்கிட்டே இருந்தா அந்த இடைவெளி எல்லாம் நிரம்பிடும். காத்துல பரவுறதைவிட தண்ணியில ஆக்சிஜன் பரவுற வேகம் சுமார் 10,000 மடங்கு குறைவு. வேர் மூச்சு முட்டி அழுகுது. அழுகின வேரால தண்ணியை உறிஞ்ச முடியாது. விளைவு? தண்ணிக்கு நடுவுலயே நின்னுக்கிட்டு செடி தாகத்துல வாடுது. அதைப் பார்த்து நாம இன்னும் ஒரு பாட்டில் ஊத்துறோம். என்ன கொடுமை பாருங்க!

அதனால முதல் ரூல்: பாட்டிலைக் கீழே வைங்க, விரலை மண்ணுல விடுங்க. ரெண்டு சென்டிமீட்டர் ஆழம் போதும். தொட்டியையும் லேசா தூக்கிப் பாருங்க.

மண் காய்ஞ்சு தொட்டி வெயிட்டே இல்லைன்னா, அது நிஜமான தாகம். ரொம்பக் காய்ஞ்ச மண் கலவை தண்ணியை சட்டுன்னு வாங்காது. மேல ஊத்தினா ஓரமா வழிஞ்சு கீழே ஓடிடும். ஒரு பக்கெட்ல கொஞ்சம் தண்ணி எடுத்து, தொட்டியை அரை மணி நேரம் அதுல உட்கார வைங்க. அடியில இருக்கிற ஓட்டை வழியா மெதுவா குடிக்கும். அப்புறம் வெளியே எடுத்து வடிய விடுங்க.

மண் ஈரமா இருந்தும் செடி வாடுதா? அப்போ கேஸ் சீரியஸ். தொட்டியில இருந்து மெதுவா உருவி வேரைப் பாருங்க. வெளுப்பா, கெட்டியா இருந்தா நல்ல வேர். பழுப்பா, கொழகொழன்னு நாத்தம் அடிச்சா அழுகல். சுத்தமான கத்தரியால அழுகினதை வெட்டிட்டு, புது மண் கலவையில நட்டு நிழல்ல வைங்க.

தண்டு மொட்டையா நிக்குதா? நகத்தால லேசா சுரண்டுங்க. உள்ளே பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. இன்னொரு முக்கியமான மேட்டர்... புது இலை வர்ற வரைக்கும் உரம் போடாதீங்க. காய்ச்சல்ல படுத்திருக்கிறவனுக்கு யாராவது பிரியாணி கொடுப்பாங்களா?

மணி பிளான்ட்டுன்னா வேலை இன்னும் சுலபம். கணு இருக்கிற மாதிரி ஒரு துண்டு வெட்டி, பாட்டில் தண்ணியில கணு மூழ்கற மாதிரி வைங்க. வேர் விட்டுடும்.

பாறையில பிறந்த பிகு பார்ட்டி

இந்த ரூலை வெச்சு 'ரொம்ப சென்சிடிவ்'னு பேர் வாங்கின ரெண்டு செடிகளையும் மடக்கிடலாம். முதல் ஆள், ஆப்பிரிக்கன் வயலெட். மொசுமொசுன்னு இலை, நடுவுல ஊதாப் பூ.

1892ல டான்சானியாவுக்குப் பக்கத்து... இல்லை, இன்னைக்கு டான்சானியான்னு சொல்ற நாட்டுலயே வேலை பார்த்த ஜெர்மன் அதிகாரி வால்டர் வான் செயின்ட் பால் இதைக் கண்டுபிடிச்சு ஊருக்கு, தன் அப்பாவுக்கு அனுப்பி வெச்சார். அடுத்த வருஷமே தாவரவியல் அறிஞர் ஹெர்மன் வென்ட்லேண்ட் அந்தக் குடும்பத்துப் பேராலயே 'செயின்ட்பாலியா'ன்னு பேர் வெச்சார். நிஜ வயலெட்டுக்கும் இதுக்கும் சொந்தமே கிடையாது. இப்போ விஞ்ஞானிகள் இதை ஸ்ட்ரெப்டோகார்பஸ் கூட்டத்துல சேர்த்துட்டாங்க.

இதோட சொந்த ஊர்ல முக்கியமானது உசாம்பரா மலைகள். அங்கே மரநிழல்ல, பாசி படிஞ்ச பாறை இடுக்குல கொஞ்சூண்டு மண்ணுல வளருது. இந்த ஒரு தகவல்லயே மொத்த சிலபஸும் முடிஞ்சது! நேரடி வெயில் ஆகாது, ஆனா வெளிச்சம் நிறைய வேணும். கிழக்கு ஜன்னல் பெஸ்ட். இலை பச்சைப்பசேல்னு இருந்தும் பூக்கலையா? பெரும்பாலும் வெளிச்சம் பத்தலை. தொட்டி சின்னதா, மண் பொலபொலன்னு இருக்கணும். ஜில்லு தண்ணி இலையில பட்டா வெளிறின புள்ளி விழும். அதனால தட்டுல தண்ணி வெச்சு கீழே இருந்து குடிக்க விட்டு, அரை மணி நேரத்துல மிச்சத்தைக் கொட்டிடுங்க.

உண்மையைச் சொல்லிடணும். இதுக்குப் பிடிச்சது 18ல இருந்து 27 டிகிரி செல்சியஸ். பெங்களூருல ஜம்முன்னு இருக்கும். சென்னை, மதுரை மே மாசத்துல ரொம்பத் திணறும். வீட்டுலயே குளுமையான மூலையைக் கொடுங்க.

நடுக்குருத்தே அழுகிடுச்சா? அப்பவும் தூக்கிப் போடாதீங்க. நல்லா இருக்கிற ஒரே ஒரு இலையை, காம்பு ரெண்டு மூணு சென்டிமீட்டர் இருக்கிற மாதிரி சாய்வா வெட்டி, ஈரமான கலவையில செருகி, பிளாஸ்டிக் கவரால மூடி வைங்க. சில வாரத்துல வேர் வரும். ரெண்டு மூணு மாசத்துல அடியில குட்டிக் குட்டிச் செடிகள் எட்டிப் பார்க்கும். ஒரு இலைதான் பேக்கப் காப்பி!

புல்லுருவி இல்லீங்க!

அடுத்து ஆர்க்கிட். மரத்து மேல வளருதுன்னதும் 'புல்லுருவி'ன்னு நினைக்கிறவங்க உண்டு. பாவம், தப்பான கேஸ்! புல்லுருவி மரத்தைத் துளைச்சு உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்துல சும்மா உட்கார்ந்திருக்கும், வாடகைதாரர் மாதிரி. மழையும் காத்து ஈரமும்தான் அதுக்குச் சாப்பாடு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலயே இப்படி நிறைய வகை இருக்கு. ஏற்காட்டுல இதுக்குன்னே ஒரு தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கு. அந்தப் பக்கம் டூர் போனா எட்டிப் பாருங்க.

மர ஏறியைக் கொண்டு வந்து செம்மண்ணுல புதைச்சா என்ன ஆகும்? அதே மூச்சு முட்டல்தான். மரக்கரித் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு, மரப்பட்டை... இதுதான் அதோட 'மண்'. தொட்டியில நிறைய ஓட்டை வேணும்.

சூப்பர் விஷயம் என்னன்னா, எப்போ தண்ணி வேணும்னு ஆர்க்கிட் தானே சொல்லிடும். வேரைச் சுத்தி பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கு, பேரு வெலாமன். காய்ஞ்சா வெள்ளி நிறம், ஈரம்னா பச்சை. வெள்ளியா மாறினதும் பத்து நிமிஷம் தண்ணியில முக்கி எடுத்து வடிய விடுங்க. பச்சையா இருந்தா கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க!

பர்த்டேக்கு வந்த ஆர்க்கிட்ல பூ உதிர்ந்ததும் குப்பைக்கு அனுப்பிடுறோம். அது சாகலை, ரெஸ்ட் எடுக்குது. கடையில அதிகம் விக்கிற ஃபெலனாப்சிஸ் வகை புதுசா பூந்தண்டு விட, சில வாரம் குளுமை வேணும். 28 டிகிரிக்கு மேலயே இருந்தா இலையாத்தான் விட்டுக்கிட்டு இருக்கும். சமவெளியில இருக்கிறவங்க டென்ட்ரோபியம் வாங்குங்க, வெக்கையைத் தாங்கும். அதுல இலை உதிர்ந்த பழைய தண்டையும் வெட்டாதீங்க. தண்ணியும் சத்தும் அதுலதான் சேமிப்பு.

லீவுக்குக் கிளம்புறீங்களா?

ஒரு டப்பா தண்ணி, ஒரு துண்டு உல்லன் நூல். செயற்கை நூலா இருந்தா சீக்கிரம் மக்காது. நூலோட ஒரு முனையை நனைச்சுத் தொட்டியோட அடி ஓட்டை வழியா மண்ணுக்குள்ள விடுங்க, இன்னொரு முனை டப்பாத் தண்ணியில. தொட்டி தண்ணியைத் தொடாம டப்பா மேல உட்காரட்டும். விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற அதே தந்துகிக் கவர்ச்சிதான். பிளஸ் ஒன் பிசிக்ஸ் முதல் முறையா உருப்படியா உதவப் போகுது! வயலெட்டுக்கு இது நல்லாவே செட் ஆகும். ஆர்க்கிட்டுக்கு மட்டும் வேண்டாம். அதுக்கு எப்பவும் ஈரம்னா அலர்ஜி.

மொத்தத்துல விஷயம் இவ்வளவுதான். செடி எந்த ஊர்க்காரன்னு விசாரிங்க, அந்த ஊரை உங்க ஜன்னல்ல கொஞ்சம் உண்டாக்குங்க, ஊத்துறதுக்கு முன்னாடி தொட்டுப் பாருங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இருக்கிறதா ஊரே சொல்ற கைராசி என்ன தெரியுமா? அவங்க தினமும் செடியை நின்னு பார்க்கிறாங்க. அவ்வளவுதான்!

இப்போ மொட்டை மாடிக்குப் போங்க. நீங்க கைவிட்ட அந்தத் தொட்டி இன்னும் அங்கேதான் இருக்கும். தண்டை ஒரு தடவை சுரண்டிப் பாருங்களேன்... பச்சை தெரியுதா?