சரீரத்தின் உள்ளே – 9: ஒரே முழங்காலின் இரு துண்டுகள்

குருத்தெலும்பு ஒருமுறை அழிந்துபோனால் மறுபடி உண்டாவதில்லை என்பது ஹிப்போகிரேட்டஸ் காலந்தொட்டு வைத்தியர்கள் யாவரும் ஒப்புக்கொண்ட விஷயம் என்று வில்லியம் ஹண்டர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், லண்டன் ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் 1743ஆம் ஆண்டில் எழுதினார். இருநூற்றெண்பது ஆண்டுகளுக்குமேல் கழிந்தும், அந்த அபிப்பிராயத்தைப் பொய்யாக்கக்கூடிய மருந்து ஒன்று இன்னும் நம் கைக்கு வந்து சேரவில்லை. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 52 கோடியே 80 லட்சம் பேர் மூட்டுத் தேய்மானத்தால் துன்புற்றதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோருக்கு வேதனை முழங்காலில். வலி மாத்திரை, தேகப் பயிற்சி, எடைக் குறைப்பு, இவை பயன்படாதபோது ரண சிகிச்சை என்பதற்குமேல் நோயின் போக்கையே தடுத்து நிறுத்தும் வழி இத்தனை கோடிப் பேருக்கும் இல்லை என்பது நமக்கு வருத்தம் தர வேண்டிய நிலைமை.

இதற்கு ஒரு காரணம், நோயை நாம் வெகுகாலம் நிழலைக் கொண்டே அளந்து வந்தது. மாஞ்செஸ்டரில் கெல்கிரென், லாரன்ஸ் என்னும் இருவர் 1957இல் வகுத்த எக்ஸ்ரே தரவரிசையே இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆனால் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரிவதே இல்லை, இரண்டு எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளி குறுகியிருப்பதைப் பார்த்து அது மெலிந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

குருத்தெலும்போ விசித்திரமான வஸ்து. அதில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, பெரும்பகுதி நீர், அந்நீரைப் பற்றி வைத்துக்கொள்ளும் அக்ரிகேன் என்ற பெரிய மூலக்கூறும், அதைச் சிதறவிடாமல் கட்டிவைக்கும் கொலாஜன் நார்களுமே மீதியில் முக்கியமானவை, இவையனைத்தையும் உண்டாக்கிய உயிரணுக்கள் மொத்தக் கனபரிமாணத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இரா. அணுகுண்டுச் சோதனைகளால் 1950களிலும் அதையடுத்தும் ஆகாயத்தில் பெருகிய கதிரியக்கக் கார்பனை முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனில் அளந்து, டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 2016இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: வளரும் பருவத்தில் அமைந்த நார்கள் முதுமைவரை புதுப்பிக்கப்படுவதே இல்லை, நோயுற்ற மூட்டிலும் அப்படித்தான். ஆகவே ஹண்டர் சொன்னது பெருமளவு மெய். ஆயினும் வெறும் உராய்வினால் தேய்ந்துபோகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது மெய்யன்று. அங்கே வாழும் அந்தச் சொற்ப உயிரணுக்களே, தான் எழுப்பிய சுவரைத் தானே இடிக்கும் கொத்தனைப்போல, அக்ரிகேனையும் கொலாஜனையும் துண்டிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன.

அவை ஏன் அவ்வாறு மாறின என்பதை அறிய, உயிரணுவுக்குள் எந்த ஜீன் எவ்வளவு தொழிற்படுகிறது, எது மீதைல் முத்திரையிட்டு அடக்கப்பட்டிருக்கிறது, முடிவில் எந்தப் புரதம் எவ்வளவு உண்டாகிறது என்ற மூன்றையும் ஒருங்கே கணக்கெடுக்க வேண்டும். ஆனால் ஒரு நோயாளியின் முழங்காலை மற்றொருவருடையதோடு ஒப்பிட்டால், வயது, எடை, பரம்பரை, பழக்கவழக்கம் என்ற பேதங்களெல்லாம் உள்ளே புகுந்து, நோயின் விளைவு எது, ஆளின் இயல்பு எது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். எலெஃப்தெரியா ஸெகினி, மார்க் வில்கின்சன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இங்கிலாந்தில் கையாண்ட உபாயம் இதனால்தான் என் மனத்தைக் கவர்ந்தது: முழங்கால் மாற்று ரண சிகிச்சையில் வெட்டியெடுத்து எறியப்பட வேண்டிய எலும்புத் துண்டிலேயே, நைந்துபோன குருத்தெலும்பும் பெரும்பாலும் கெடாத குருத்தெலும்பும் அருகருகே இருக்குமல்லவா? அவ்விரண்டையும் தனித்தனியே எடுத்து, கேம்பிரிட்ஜுக்கு அருகே ஹிங்க்ஸ்டனிலுள்ள சாங்கர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ந்தார்கள். ஒரே மனிதர், ஒரே மூட்டு, ஒரே பரம்பரை. வேறுபடுவது சேதம் மட்டுமே. முதலில் 12 பேரிடமிருந்து பெற்ற துண்டுகளில், ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளில் மாறுதல் காட்டிய ஜீன்கள் 49 என்று 2017இல் அறிவித்தார்கள். அவற்றுள் பல இந்நோயோடு முன்பு சம்பந்தப்படுத்தப்படாதவை. பின்னர் நோயாளிகளின் தொகை நூற்றைக் கடந்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது: சேதம் குறைந்த துண்டுகளை மட்டும் ஒப்பிட்டால், அழற்சியைச் சார்ந்த ஜீன்களின் வேகத்தில் அந்நோயாளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள்.

இந்தப் பிரிவினையை நான் அற்பமாக நினைக்கவில்லை. அக்ரிகேனைத் துண்டிக்கும் ஏ.டி.ஏ.எம்.டி.எஸ்.-5 என்ற நொதி இல்லாமல் பிறந்த சுண்டெலிகளின் முழங்காலுக்கு ஊறு விளைவித்தபோதும் அவற்றின் குருத்தெலும்பு பெருமளவு காக்கப்பட்டது என்று 2005இல் இரண்டு குழுக்கள் கண்டபோது எழுந்த நம்பிக்கை கொஞ்சமன்று; அந்நொதியைத் தடுக்கும் மாத்திரையை நோயாளிகள் ஓராண்டு உட்கொண்டும் பயனில்லை என்று 2020இல் தெரியவந்தபோது அது சரிந்தது. பலவகை முழங்கால்களை ஒரே நோயென்று கூட்டி ஒரே மாத்திரையைக் கொடுத்ததும் அந்தத் தோல்விக்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இனி வரும் பரிசோதனைகளிலாவது, எவருடைய மூட்டில் எந்த நொதி முனைந்து நிற்கிறது என்று பார்த்த பின்பே மருந்து கொடுக்க வேண்டும்.

நிற்க, ஒரே முழங்காலின் இரு துண்டுகளை ஒப்பிடும் இம்முறைக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. ரண சிகிச்சைக்கு வரும் முழங்கால் நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பது; அதில் கெடாததாகத் தோன்றும் துண்டும் ஆரோக்கியமானதென்று சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில் நடந்ததை அறிய, வலி வருமுன்பே ஒருவருடைய மூட்டை அறுத்துப் பார்ப்பதற்கில்லை. ஆதலால் சிதைந்த கொலாஜனின் துணுக்குகளை ரத்தத்திலும் சிறுநீரிலும் தேட வேண்டியிருக்கிறது. 45 முதல் 79 வயதுவரையுள்ள 4,796 பேரை அமெரிக்காவில் 2004 முதல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, அவர்களுடைய ரத்தத்தையும் சிறுநீரையும் சேகரித்து வைத்தார்கள். அவற்றில் தென்பட்டது என்ன என்பதை அடுத்த வாரம் காண்போம்.