திரைக்குப் பின்னால்

சுங்கை காடுட்டிலிருந்து சிரம்பானுக்குக் கொமுட்டர் இரயிலில் செல்ல, ஒருவர் இணையப் பக்கத்தைத் திறக்கிறார் எனக் கொள்வோம். நிலையத்தைத் தேர்ந்தெடுத்ததும் நேர அட்டவணை, கட்டணம், வரைபடம் ஆகிய மூன்றும் ஒருசேர மாற வேண்டும். கட்டணம் மாறி நேரம் மாறாவிட்டால், அவர் இரயிலைத் தவறவிட நேரும். ஒவ்வொரு பகுதியும் தகவலைத் தனித்தனியே வைத்திருந்தால் இத்தகைய பிழை எளிதில் ஏற்படும்.

இதைத் தவிர்க்க உதவும் கட்டமைப்பு ஒன்றை, இணையம் பரவும் முன்பே, 1979இல் நார்வே நாட்டுக் கணினி அறிஞர் திரிக்வே ரீன்ஸ்கௌக் வகுத்தார். அதில் தரவு, காட்சி, கட்டுப்பாடு என மூன்று பிரிவுகள் உண்டு. தரவு ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். காட்சி அதைத் திரையில் காட்டும். கட்டுப்பாடு, பயனரின் கட்டளையை ஏற்றுத் தரவை மாற்றும். தரவு மாறினால் எல்லாக் காட்சிகளும் அதற்கேற்ப மாறும். இரப்பர்த் தோட்டத்தில் கிராணியார் பாலின் எடையை ஒரே ஏட்டில் பதிந்து, சம்பளக் கணக்கையும் அதிலிருந்தே எடுப்பதைப் போன்றது இது.

எல்லாப் பக்கங்களுக்கும் இம்முறை தேவையில்லை. கடிகாரம் மட்டும் காட்டும் பக்கத்தை மூன்றாகப் பிரித்தால் வேலைதான் கூடும். ஒரே தகவல் பல இடங்களில் தோன்றுமா, பல வழிகளில் மாறுமா என ஆராய்ந்த பின்னரே கட்டமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.