சித்திரையும் சிறுவரும்



பனி உருகிப் புல் தளிர்க்கும் வசந்தத்தை நம்மவரிற் பலர் பாடப் புத்தகத்தில் மட்டுமே கண்டவர்கள். எனினும் நம் முற்றத்துக்கும் ஓர் இளவேனில் உண்டு. பங்குனியின் கடைக்கூற்றில் வேம்பு பூக்கிறது. முள்முருக்கு வேலியோரத்திற் சிவந்து நிற்கிறது. விடியுமுன்னரே குயில் கூவத் தொடங்கிவிடுகிறது. இவற்றின் நடுவே, ஏப்ரில் மாதம் 13ஆம் அல்லது 14ஆம் திகதியில், சூரியன் மேட இராசியிற் புக, நமது புத்தாண்டு பிறக்கின்றது.

அந்நாளிற் சிறுவர்க்கு நாம் கொடுக்கும் இடம் யாது? புதுச்சட்டையை அணிவித்து ஓரிடத்தில் அமர்த்துகிறோம். கடையில் வாங்கிய பலகாரத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிறோம். தொலைக்காட்சியைத் திறந்துவிடுகிறோம். தோரணமும் கோலமும் மருத்துநீரும் பெரியோர் வேலையாகிவிட, பிள்ளை வெறும் பார்வையாளனாகிறது. பார்வையாளனுக்கு விழா விரைவில் அலுத்துப்போகும். அலுத்துப்போன பிள்ளையைக் குறைகூறுவதில் நியாயமில்லை என்பது என் எண்ணம்.

முதலில், அதிகம் பேர் அறியாத ஒரு விளையாட்டைக் கூறுகிறேன். அதற்கு வேண்டுவது நேரான ஒரு கோல் மட்டுமே.

சூரியன் வடக்கு நோக்கி வரும் காலத்தில், ஏப்ரில் 5ஆம் திகதியளவில், இலங்கையின் தென்முனையாகிய தெவுந்தரைக்கு நேர் உச்சியில் நிற்கிறான். பின்னர் நாளுக்கு நாள் வடக்கே ஏறி, கொழும்பையும் மட்டக்களப்பையும் கடந்து, 14ஆம் 15ஆம் திகதியளவில் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வருகிறான். ஆகவே, நாம் புத்தாண்டு கொண்டாடும் அந்த நாளிலேதான், அல்லது அதனை அடுத்த நாளில், யாழ்ப்பாணத்து முற்றத்தில் நண்பகல் வேளை நட்ட கோலுக்கு நிழல் இல்லாமற் போகிறது!

இதனைப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்க வேண்டும். முழ நீளமுள்ள கோல் ஒன்றை முற்றத்தில் நாட்டச் சொல்லுங்கள். அது சாய்ந்திருந்தால் கணக்குப் பிழைத்துவிடும். நூலிற் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அந்நூலோடு கோல் ஒத்து நிற்கிறதா என்று நாற்புறமும் பார்க்கட்டும். காலை பத்து மணிதொட்டு அரை மணிக்கொரு முறை, நிழலின் நுனியில் ஒவ்வொரு சிறு கல்லாக வைக்கட்டும். முதலில் மேற்கே நீண்டு கிடந்த நிழல் குறுகிக் குறுகிக் கோலின் அடியை நோக்கி வரும். மணி பன்னிரண்டு கடந்து ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் அடியோடு மறைந்துவிடும். சற்று நேரத்தில் கிழக்குப் புறமாக மீண்டும் எட்டிப் பார்க்கும். சூரியனை நேரே அண்ணாந்து பார்க்கமட்டும் பிள்ளைகளை விடலாகாது. நிலத்தைப் பார்த்தாலே போதும். எங்கள் வீட்டிற் சின்னவள் இதைக் கண்டு, "அம்மம்மா, நிழலை ஆர் எடுத்தது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல எனக்கு அன்று மாலைவரை சென்றது.

சற்று வளர்ந்த பிள்ளையாயின் இன்னொன்றும் கேட்கும். இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 20ஆம் 21ஆம் திகதிகளில் அன்றோ வருகிறது, நாம் ஏன் மூன்று வாரத்துக்கு மேலாகத் தாமதித்துக் கொண்டாடுகிறோம் என்பது அது. சுற்றும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதுபோலப் பூமியின் அச்சும் மிக மெதுவாக வட்டமிடுகிறது. அதனால் சமநாட் புள்ளி, விண்மீன்களுக்கு எதிரே, ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் சமநாளும் மேடப் பிறப்பும் ஒன்றாயிருந்தன. நமது பஞ்சாங்கம் விண்மீன்களைக் கொண்டே கணிக்கப்படுவதால் இன்று இடைவெளி இருபத்துநான்கு நாளளவாக விரிந்துள்ளது. ஒரு பம்பரத்தைச் சுழலவிட்டுக் காட்டினால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும்.

இனி மருத்துநீர். விஷு புண்ணியகாலம் என்பது, வருடப் பிறப்புக்கு முன் நான்கு மணித்தியாலமும் பின் நான்கு மணித்தியாலமும் ஆகும். அவ்வேளையில் மருத்துநீர் தேய்த்துத் தோய்வது மரபு. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியன சேர்த்துக் காய்ச்சப்படுவது அது. கோயிலிற் சிறு போத்தலில் வாங்கிவருவதே இப்போது பெருவழக்கு. அதிற் குற்றமில்லை. ஆனால் தலையில் எவ்விலையை வைப்பது, காலின் கீழ் எவ்விலையை வைப்பது என்று அவ்வாண்டுப் பஞ்சாங்கம் கூறுமல்லவா? அந்த இலைகளைத் தேடிவரும் பொறுப்பைச் சிறுவரிடம் விட்டுவிடுங்கள். ஆலிலையையும் அரசிலையையும், கொன்றையையும் புங்கையும் வேறுபிரித்தறியாத பிள்ளைகள் நம்மிடையே பெருகிவருகின்றனர். ஊர் சுற்றி, அயல்வீட்டு ஆச்சியிடம் கேட்டு, ஒரு கொப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் பிள்ளை அம்மரத்தை மறவாது.

வேப்பம்பூவும் அவ்வாறே. விடியற்காலையில் மரத்தின் கீழ் ஒரு பாயை விரித்துவிட்டாற் போதும். உதிர்ந்த பூவைச் சிறுவர் பொறுக்கித் துப்புரவாக்குவர். ஊறவைத்து அரைத்த உளுந்தோடு பூவையும் செத்தல் மிளகாயையும் சீரகத்தையும் உப்பையும் சேர்த்துப் பிசைந்து, சிறு வட்டங்களாகத் தட்டி வெயிலில் உலர்த்தினால் வேப்பம்பூ வடகம் ஆயிற்று. தட்டும் வேலை பிள்ளைகளுடையது. வட்டம் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாய் இருக்கும். பொரித்தெடுக்கும் வேலை மட்டும் தாயாருடையது. கசப்பு என்று முகஞ்சுளிக்கும் பிள்ளையும் தான் தட்டிய வடகத்தைத் தின்றுபார்க்கும்.

பனையோலைக் காற்றாடிக்குக் காசு வேண்டியதில்லை. சாண் நீளமும் இரு விரல் அகலமுமான ஓலைத் துண்டொன்றை எடுத்து, துணி பிழிவதுபோல இரு நுனிகளையும் எதிரெதிராகச் சற்றே முறுக்க வேண்டும். நட்ட நடுவில் ஒரு முள்ளைக் குத்தி, அம்முள்ளை ஒரு தடியின் தலையிற் செருகினால் முடிந்தது. துளை முள்ளிலும் சற்றுப் பெரிதாய் இருத்தல் வேண்டும். இரு பக்கத்தையும் ஒரே புறமாக முறுக்கினால் அது சுழலாது. இதை முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். சுழலாத காற்றாடியைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை சற்று யோசிக்கட்டும். சோளகக் காற்று இன்னும் எழாத காலமாகையால், தடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால்தான் ஓலை சுற்றும். அந்த ஓட்டமே ஒரு விளையாட்டு.

தோரணம் பின்னும்போது மட்டும் மூத்தவர் ஒருவர் அருகில் இருத்தல் நன்று. மங்கல நாளுக்குரிய தோரணமும் அமங்கலத்துக்குரியதும் வேறு வேறு. கேட்டறிந்து பின்ன வேண்டியது அது.

கோலத்தைப் பற்றிச் சொல்லுமுன் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டுச் சித்திரையில், நான் இழைத்த கோலத்துக்குள் என் பேரன் மாவை அள்ளிக்கொண்டு வந்து தன் கோட்டையும் சேர்த்தான். கோடு கோணிற்று. விருந்தினர் வரும் நேரம். நான் அவனைக் கடிந்து மாவைப் பறித்துக்கொண்டேன். அவன் அழவில்லை. உள்ளே போய்விட்டான். அவ்வளவே.

மறு ஆண்டு 2022. அந்தச் சித்திரையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நீண்ட வரிசைகள், மணிக்கணக்கான மின்வெட்டு, பால்மா இல்லை. முற்றத்தில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினோம். ஊமலும் பன்னாடையும் காய்ந்த பாளையும் பொறுக்கிவந்தவர்கள் பிள்ளைகளே. பயற்றம் பணியாரமும் அரியதரமும் இல்லை. பொங்கல் மட்டும் இருந்தது. புகையில் எல்லோருக்கும் கண் சிவந்தது. அன்று கோலத்தின் பாதியை விட்டு, மீதியைப் போடும்படி பேரனைக் கேட்டேன். "பிழைச்சால் பேசுவீங்கள்" என்றான். ஓராண்டாக அவன் அதனை மனத்தில் வைத்திருந்தான் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பேசமாட்டேன் என்று சொன்ன பிறகே மாவைத் தொட்டான். கோடு கோணத்தான் செய்தது. அடுத்த ஆண்டு எரிவாயு அடுப்பு வீட்டினுள் எரியும்போது, "கல்லடுப்பு எங்கே?" என்று தேடியவர்களும் அவர்களே.

பிற்பகலில் ஊஞ்சலும், கிளித்தட்டும், பெண்பிள்ளைகளின் கொக்கானும் இருக்கின்றன. ஆண்பிள்ளைகளும் கொக்கான் விளையாடலாம். கைக்கு நல்ல பயிற்சி. போர்த்தேங்காயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஒருவர் தேங்காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தம் தேங்காயால் ஓங்கி அடிப்பார். உடைந்தவருக்குத் தோல்வி. வெற்றி முழுவதும் காயைத் தெரிவதில் இருக்கிறது. பெருத்த காயை நம்பி ஏமாறுவோர் பலர். சிறுத்து, ஓடு தடித்த காயை நகத்தால் தட்டி ஓசையால் அறிவோர் ஊருக்கு ஒருவரோ இருவரோ இருப்பர். அவரிடம் சிறுவரை அனுப்புங்கள். சிங்கள மக்களும் 'போர பொல்' என்று இதனை ஆடுவர். ஒரே நாளிற் புத்தாண்டு காணும் அயலவர் நாம். பலகாரத் தட்டைச் சிங்கள அயல்வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளை, கொக்கிசும் கவுமும் நிறைந்த தட்டோடு திரும்பிவரும். உடைந்த தேங்காய்கள் இரு வீட்டிலும் அடுக்களைக்கே போய்ச் சேரும்.

கைவிசேஷத்தை உறையிலிட்டுக் கொடுப்பதிலும், வெற்றிலையில் நெல்லும் நாணயமும் வைத்துக் கையிற் கொடுப்பதே எனக்கு உவப்பு. வெற்றிலையை அடுக்கி ஆயத்தம் செய்யும் வேலையும் பிள்ளைகளுக்கு உரியதாகலாம்.

மாலையில் முற்றத்தைக் கூட்டும்போது அந்த நிழற்கோலை எறிந்துவிட வேண்டாம். தெற்கே திரும்பும் சூரியன் ஓகஸ்ட் 28ஆம் திகதியளவில் யாழ்ப்பாணத்து உச்சியை மீண்டும் ஒருமுறை கடப்பான். அன்று அது பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கும்.