மேகமலைக்கு மேலே ட்ரோன்

ஒரு காலத்தில் காட்டைக் கணக்கெடுக்கத் தரையைத்தான் பார்த்தார்கள். புலியின் காலடித் தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வரைந்துகொள்வார்கள், இல்லாவிட்டால் சாந்து ஊற்றி அச்சு எடுப்பார்கள். யானைக்குச் சாணக் கணக்கு. மேகமலை, வருசநாட்டுப் பக்கம் பளியர் பழங்குடியினர் ஒருவர் முன்னே நடந்தால் வனக் காவலருக்குத் தைரியம். ஒடிந்த கிளையைப் பார்த்தே யானைக் கூட்டம் எப்போது போனது என்று சொல்லிவிடுவார். நில அளவைக்குச் சங்கிலியும் புலப்படமும்.

பிறகு பார்வை வானத்துக்கு ஏறியது. லியான் பின் கோ, செர்ஜ் விச் என்ற இரு ஆய்வாளர்கள் சுமத்ராக் காட்டுக்கு மேலே மலிவான ஆளில்லாக் குட்டி விமானம் (ட்ரோன்) ஒன்றைப் பறக்கவிட்டு, மர உச்சியில் ஒராங்குட்டான் கட்டிய கூடுகளைப் படமெடுத்தார்கள். 2012-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வெப்பமண்டலக் காட்டை மேலிருந்து படிக்கும் ஆசை அதன்பின் எங்கும் பரவியது.

நம் மலைக்கு இது பொருந்துமா? நிலத்தைப் பார்க்க, நன்றாகவே. நிழல் மரங்களுக்கு அடியில் விளையும் ஏலத் தோட்டம் செயற்கைக்கோள் படத்தில் காடு போலத்தான் தெரியும். தாழப் பறக்கும் ட்ரோனுக்கு மரங்களின் தலை தனித்தனியாகத் தெரியும். தேயிலைக்கு நடுவே வரிசை கட்டி நிற்கும் சில்வர் ஓக்கையும் தானாக முளைத்த சோலையையும் பிரித்துவிடலாம். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த புலிகள் காப்பகமானது. எது காடு, எது தோட்டம் என்பது இங்கே சின்ன வழக்கா என்ன!

விலங்கைப் பார்ப்பதில்தான் சிக்கல். அடர்ந்த இலைக்கூரை வெப்பக் கேமராவையும் மறைக்கும். பேட்டரி அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. ஆடிக் காற்றில் கம்பம் பள்ளத்தாக்கில் குட்டி ட்ரோனைப் பறக்கவிட்டவர் அதைத் தேடி அலைய வேண்டியதுதான்.

சத்தம் இன்னொன்று. தான்சானியாவில் வயலுக்கு வரும் யானைகளை விரட்டவே ட்ரோனைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தேனீ இரைச்சல் போன்ற அந்த ஒலி யானைக்கு ஆகாது. 2023 மே 27-ல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள் வந்தபோது அந்தப் பாடம் நமக்கும் கிடைத்தது. புளியந்தோப்பில் ஒதுங்கி நின்ற யானையைப் படமெடுக்க யூடியூபர் ஒருவர் ட்ரோன் விட, அது மிரண்டு ஓடியது. ஊருக்குள் 144 தடை உத்தரவு. யானை தாக்கிக் காயமடைந்த முதியவர் ஒருவர் சில நாளில் இறந்தார். ஜூன் 5-ல் யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதன் நடமாட்டத்தைச் சொன்னது கழுத்திலிருந்த ரேடியோ காலர்.

காட்டின் எல்லையை அளக்க வனத்துறைக்கு ட்ரோன் வேண்டும், சந்தேகமில்லை. அதோடு பளியரின் கண்ணும் வேண்டும்; அவருக்கு நிரந்தர வேலையும் சம்பளமும் கொடுங்கள். சுற்றுலா வருபவர்களே, அனுமதியில்லாமல் காப்பகத்துக்குள் ட்ரோன் பறக்கவிடுவது சட்டப்படி குற்றம். மேகமலைக்கு வரும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.