சிட்டையும் பேரேடும்

மளிகைக் கடைக் கணக்கில் சிட்டை, பேரேடு என்று இரண்டு உண்டு. கூட்டம் நெரிக்கும்போது சிட்டையில் குறித்துக்கொண்டு, ஓய்ந்த பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள். பல டிஸ்க்குகளை ஓர் அடுக்காக இணைத்து நடத்தும் ரெய்ட் கன்ட்ரோலர் கார்டின் கேஷ் மெமரி, சர்வரின் சிட்டை. டிஸ்க், பேரேடு. பேரேட்டில் ஏறிய பிறகே ‘எழுதியாச்சு’ என்று சொல்வது ரைட்-த்ரூ. சிட்டையில் குறித்ததுமே சொல்லிவிடுவது ரைட்-பேக். எதை வைப்பது என்பதுதான் சர்வர் அறையில் நான் திரும்பத் திரும்பச் சந்தித்த கேள்வி.

அன்று, நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்குகள். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. ரெய்ட் 5-இல் ஒரு சிறு பதிவை மாற்ற, பழைய டேட்டாவையும், டிஸ்க் பழுதானால் அதை மீட்க உதவும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். ஒரு வேலை நான்காகிவிடும். பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் ரெய்ட் பற்றி எழுதியபோதே கணக்கிட்டுக் காட்டிய சுமை இது. ரைட்-த்ரூவில் டேட்டாபேஸ் திணறும். ரைட்-பேக் வைத்தால், கேஷ் பதிவுகளைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, மொத்தமாக இறக்கும். வேகம் பல மடங்கு கூடும்.

ஆனால் கரண்ட் போனால் கேஷ் அழிந்துவிடும். அதனால்தான் கார்டில் ஒரு பேட்டரி. பெரும்பாலும் 72 மணி நேரம் கேஷைக் காப்பாற்றும். அந்த பேட்டரி தன்னைச் சோதித்துக்கொள்ள, சில மாதங்களுக்கு ஒருமுறை முழுதும் வடிந்து மறுபடி ஏறும். அதுவரை கன்ட்ரோலர் தானாகவே ரைட்-த்ரூவுக்கு இறங்கிவிடும். யாரும் எதையும் மாற்றாமலே சர்வர் மந்தமாகிவிட்டது என்று புகார் வந்தால், முதலில் பேட்டரியைப் பார்க்கப் பழகினோம்.

பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்-பேக்கில் ஓடு என்று கட்டாயப்படுத்தும் வசதியும் உண்டு. 2012-இல், தமிழ்நாட்டு மாவட்டங்களில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில், ஓர் அலுவலகத்தில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். உப்பிப்போன பேட்டரியை யாரும் மாற்றவில்லை. யுபிஎஸ் இருக்கிறதே என்ற நம்பிக்கை. தினசரி வெட்டில் தளர்ந்துபோன அந்த யுபிஎஸ் ஒரு மதியம் கைவிட்டது. டேட்டாபேஸ் திறக்கவில்லை. முந்தைய இரவின் பேக்கப்பை ஏற்றி, காலை முதல் போட்ட பில்களைக் காகிதப் பிரதி பார்த்து மறுபடி பதிந்தோம்.

இன்று பேட்டரியின் இடத்தில் சூப்பர் கெபாசிட்டர். கரண்ட் போனதும், கேஷில் உள்ளதை ஃபிளாஷ் மெமரிக்கு நகலெடுக்கும் அளவுக்கு அது உயிர் கொடுக்கும். அதன் பிறகு மின்சாரமே தேவையில்லை. 72 மணி நேரக் கெடுவும் இல்லை. டேட்டா சென்டர் எஸ்எஸ்டிகளுக்கு உள்ளேயே கெபாசிட்டர் உண்டு. மைக்ரோ விநாடிகளில் பதிவை ஏற்றுக்கொள்கின்றன. அத்தகைய எஸ்எஸ்டிகளின் அடுக்கில் கார்டின் கேஷே இடைத்தடையாகலாம். அன்று ஆமை வேகம் என்று நாங்கள் ஒதுக்கிய ரைட்-த்ரூ, அங்கே பல நேரங்களில் பொருத்தமான தேர்வு.

ஆனாலும் கவனம் குறையக் கூடாது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான எஸ்எஸ்டிகள் பலவற்றில் அந்தக் கெபாசிட்டர் கிடையாது. ஹார்டு டிஸ்க்கின் சொந்தக் கேஷ், கார்டின் பாதுகாப்புக்குள் வராது. அடுக்கில் சேர்க்கும்போது அதை அணைத்துவிட வேண்டும். சுழலும் டிஸ்க் என்றால், பேட்டரியோ கெபாசிட்டரோ காவலாக உள்ள ரைட்-பேக். காவல் பழுதானால் தானாக ரைட்-த்ரூவுக்கு இறங்கும்படி. அன்றும் இன்றும் என் தேர்வு இதுதான்.

இந்த நிமிடம் கரண்ட் போனால், கடைசியாகப் பதிந்த பில் எங்கே இருக்கும்? இதற்குப் பதில் தெரியாமல் நான் எந்த அமைப்பையும் ஒப்புக்கொள்வதில்லை. அந்த மின்வெட்டு நாளில் எங்களைக் காப்பாற்றியது காகிதம். இன்று பல அலுவலகங்களில் காகிதப் பிரதியே கிடையாது. திரையில் ‘சேவ் ஆனது’ என்று வருவதை மட்டும் நம்பி ஒருவர் அடுத்த பில்லைத் தொடங்குகிறார்.