வேலிக்கு வெளியேயும் யானையின் நிலம்

வில்கமுவவில் கதிர் முற்றும் காலத்து இரவுகள் காவற்பரணில்தான் கழிகின்றன. யானை வெடியும் டார்ச் லைட்டுமாக விவசாயி விழித்திருக்க, வஸ்கமுவ தேசிய பூங்காவின் பக்கமிருந்து யானைகள் வருகின்றன. அவை காட்டை விட்டு ஊருக்குள் புகுந்துவிட்டதாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான்.

மகாவலித் திட்டம் காடுகளை விழுங்கியபோது, இருப்பிடம் இழந்த விலங்குகளுக்குப் புகலிடமாக 1984இல் இந்தப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. அதற்கு முன் உலர்வலயத்தில் வேறொரு ஒழுங்கு இருந்தது. மழைக்காலத்தில் மக்கள் சேனை வெட்டிக் குரக்கனும் சோளமும் விதைப்பார்கள். அறுவடை முடிந்து வெயில் ஏறியதும், அதே நிலத்தில் துளிர்க்கும் புல்லும் பற்றையும் யானைக்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தின்னும் விலங்குக்கு, கோடையில் முதிர்காட்டை விட இந்த இளம்பற்றைதான் பெரிய தீன். மகாவலித் திட்டத்தோடு வாய்க்கால் தண்ணீர் வந்தது. பெரும்போகத்தோடு சிறுபோகமும் சேர்ந்தது. யானையின் பருவம் காணாமல் போனது.

தின்பது மட்டுமா யானையின் வேலை? காய்ந்த லத்தியொன்றைக் காலால் உடைத்துப் பாருங்கள்: நாரும் சக்கையும், நடுவே விளாம்பழ விதைகள். மழை விழுந்தால் அந்த எருவிலேயே முளைவிடும். யானை நடக்கும் தூரமெல்லாம் காடும் நடக்கிறது.

இலங்கை நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதத்தில் யானைகள் உலவுகின்றன. அதில் பெரும்பகுதியில் மனிதரும் வாழ்கிறார்கள். பூங்கா எல்லையில் மின்வேலி போட்டு உள்ளே துரத்தினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. 2019இல் மட்டும் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. அதே ஆண்டில் யானைகளால் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் இறந்தார்கள். இரவெல்லாம் காத்த வயலை விடியுமுன் இழந்தவரிடம் காட்டின் அருமையை மட்டும் பேசுவது நியாயமல்ல.

அதனால்தான் இங்கே நடக்கும் தோடை முயற்சி முக்கியமாகப் படுகிறது. தோடை இனத்து மரங்களை யானை விரும்புவதில்லை. இலங்கை வனவிலங்கு பாதுகாப்புச் சங்கம் இந்தப் பகுதி வீட்டுத் தோட்டங்களில் தோடங்கன்றுகளை நடச் செய்துவருகிறது. நெல்லும் வாழையும் போனாலும் தோடம்பழம் விற்றுக் காசு பார்க்கலாம். மரம் காய்க்கச் சில வருடம் பிடிக்கும், கோடையில் தண்ணீரும் ஊற்ற வேண்டும்; தனியே இது போதாது.

அதே சங்கம் யானை வழித்தடத்தில் பஸ்ஸும் விட்டது. நடந்து போய்வந்த பிள்ளைகள் அதில் பாடசாலைக்குப் போகிறார்கள். யானைகளை அங்கிருந்து விரட்ட வேண்டியிருக்கவில்லை.