அந்த ரூஃப் லைட்டைக் கொஞ்சம் அணைங்க

ராத்திரியில் காருக்குள்ளே லைட் போட்டுக்கொண்டு போனால் போலீஸ் பிடிக்குமா என்று கேட்காத ஆளே குறைவு. நான் திண்டுக்கல்லில் ஆக்டிங் டிரைவர். சொந்த வண்டி கிடையாது. கார் வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் போய் ஓட்டிக் கொடுப்பேன். அதனால் ஊரிலுள்ள எல்லா ரகக் காரின் சுவிட்சும் எனக்குப் பழக்கம், இந்தக் கேள்வியும் பழக்கம். பதில்: அதற்காக மட்டும் பிடிக்க மாட்டார்கள். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108ஆவது விதி, வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கும், பின்பக்கம் சிவப்பல்லாத விளக்கும் தெரியக் கூடாது என்கிறது. வண்டியின் உள்விளக்குக்கு இது பொருந்தாது என்று அங்கேயே விலக்கும் கொடுத்திருக்கிறது. சொல்லப்போனால் செக்போஸ்ட்டில் போலீஸ்காரரே டார்ச்சை ஆட்டிக்கொண்டு வந்து, "உள் லைட்டப் போடுங்க" என்பார். லைட்டைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, எல்லார் முகத்தையும் காட்டிவிட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஆக, சட்டத்தில் சிக்கல் இல்லை. சிக்கல் கண்ணாடியிலும் கண்ணிலும் இருக்கிறது.

லைட்டை அணைக்கச் சொன்னால் பின்சீட்டிலிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரோடு நல்லாத்தானே தெரியுது தம்பி?" அவர்கள் சொல்வது பொய்யில்லை. உண்மையிலேயே தெரியும். நடுவிலுள்ள வெள்ளைக் கோடு தெரியும். முன்னால் போகும் லாரியின் சிவப்பு லைட் தெரியும். ஊர்ப்பெயர்ப் பலகை பளிச்சென்று தெரியும். தானாக ஒளிர்வதும், நம் ஹெட்லைட்டை அப்படியே திருப்பி அடிப்பதும் ரூஃப் லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும் தெரியத்தான் செய்யும். காணாமல் போவது மங்கலாக இருப்பவை மட்டும்தான். ராத்திரி ரோட்டில் ஆளை அடிக்க வைப்பதும் அந்த மங்கல்தான். முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஒரு பொருள் தெரியாமல் போனது நமக்கு எப்படித் தெரியும்?

இதை எங்கள் பக்கத்துச் சாலையிலேயே காட்டலாம். தைப்பூசத்துக்கு முன்னால் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகிற சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். வெயிலுக்குப் பயந்து பலர் ராத்திரியில்தான் நடப்பார்கள். பச்சை வேட்டி, காவி வேட்டி, தலையில் துண்டு. முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியவர்களைத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். நம் ஹெட்லைட் பட்டதும் மின்னிவிடும். ஸ்டிக்கர் இல்லாத ஆள், அதுவும் கரும்பச்சை வேட்டி கட்டியவர், இருட்டோடு இருட்டு. அவருக்கும் பின்னாலிருக்கும் புளியமரத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு துளி வெளிச்சம்தான். கண்ணாடியின் மேல் உள்ளிருந்து ஒரு வெளிச்சப் படலம் விழுந்தால் அந்த ஒரு துளி அதில் கரைந்துவிடும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. ஆளைப் பார்த்து, ஆள்தான் என்று மனசுக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தாலே 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்கிற தூரம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். டிம் லைட்டின் வெளிச்சமோ 50, 60 மீட்டருக்கு மேல் பெரிதாகப் போகாது. இந்தக் கணக்கில் ரூஃப் லைட்டுக்குக் கொடுக்க என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை.

கண்ணாடி என்ன செய்கிறது? ரயிலில் ஏசி கோச்சில் போகும்போது ராத்திரி ஸ்டேஷன் பேர் பார்க்க, ஜன்னலில் நெற்றியை ஒட்டி, இரண்டு கையையும் முகத்துக்குப் பக்கத்தில் அணைகட்டிப் பார்ப்போமே, அதே சங்கதிதான். கண்ணாடி தன் மேல் விழும் வெளிச்சத்தை முழுசாக வெளியே விடாது. நேராகப் பார்த்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். சாய்த்துவிட்டால் இன்னும் கூடும். பகலில் வெளி வெயிலுக்கு முன்னால் அந்த 8 சதவீதம் ஒரு பொருட்டில்லை. ராத்திரியில் வெளியே எதுவும் இல்லாதபோது அதுவே பெரிசு.

இதில் காருக்கும் பஸ்ஸுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பஸ்ஸின் முன் கண்ணாடி கிட்டத்தட்ட நட்டுக்குத்தாக நிற்பதால் பின்னாலிருக்கும் சீட்டு வரிசை அப்படியே அதில் தெரியும். காரின் கண்ணாடி நன்றாகச் சாய்ந்தது. டிரைவர் நேராகப் பார்க்கும் இடத்தில் அதில் தெரிவது டேஷ்போர்டின் மேல்பக்கம். கார் கம்பெனிக்காரர்கள் அந்தப் பகுதியைக் கறுப்பாகவும் பளபளப்பில்லாமலும் செய்வது இதற்காகத்தான், அழகுக்காக அல்ல. நம் ஆட்கள் அதன் மேல் வெள்ளை டர்க்கி டவலை விரிப்பார்கள். டோல் ரசீது, டிஷ்யூ பெட்டி, எலுமிச்சம்பழம், பளிங்குப் பிள்ளையார் எல்லாம் அங்கேதான். ஒரு தடவை வண்டியை ஓரமாக நிறுத்தி, லைட்டைப் போட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நேராகப் பாருங்கள். ரசீதின் வெள்ளைச் சதுரம் ரோட்டுக்கு மேலே மிதக்கும். பிள்ளையார் இடது ஓரத்தில், மனுஷன் வந்து நிற்கிற இடத்தில், நிற்பார். அணைத்தால் இரண்டும் போய்விடும். நான் எந்த வண்டியில் ஏறினாலும் முதல் வேலையாக டேஷ்போர்டைக் காலி பண்ணுவேன். பிள்ளையாரைத் தொட மட்டும் ஓனரிடம் கேட்டுக்கொள்வேன்.

பக்கக் கண்ணாடியில் தொல்லை வேறு மாதிரி. வெளியே இருக்கும் சைடு மிரரை நாம் ஜன்னல் வழியாகத்தானே பார்க்கிறோம்? உள்ளே லைட் எரிந்தால் அந்த ஜன்னலில் நம் முகம் தெரியும், மிரர் அதற்குப் பின்னால் மங்கும். பின்னால் வரும் பைக்கின் ஒற்றை லைட் அப்போதும் தெரியும். லைட் எரியாத பைக் தெரியாது. ஜன்னலில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை அது வெட்டிவிடும். உள்ளிருந்து பட்டுத் திரும்புவதை அந்த அளவுக்கு வெட்டாது. முன் பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமாவது வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைக் கிழிக்கச் சொன்னது குற்றங்களைத் தடுக்க. ஆனால் ராத்திரியில் சைடு மிரர் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கும் அது நல்லதாகவே முடிந்தது.

இனி கண். நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள். பகலில் நிறமும் நுணுக்கமும் பார்க்கக் கூம்பு செல்கள், சுமார் 60 லட்சம். இருட்டில் பார்க்கக் குச்சி செல்கள், சுமார் 12 கோடி. குச்சி செல்லுக்குள் ரொடாப்சின் என்று ஒரு பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். இருட்டில் மறுபடி சேரும். சேர்வதற்கு வைட்டமின் ஏ வேண்டும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் நோய் வருவது இதனால்தான். விழித்திரையில் அந்த வைட்டமின் இருப்பதைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்டு 1967இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். முழு இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக அரை மணி நேரம் ஆகும்.

இதை வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் லைட் போட்டால் அரை மணி நேரம் கண் தெரியாது" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது மிகை. ஹெட்லைட் போட்டு ஓட்டுகிறவனின் கண் எப்போதும் முழு இருட்டுக்குப் பழகுவதே இல்லை. எதிரே வருகிறவனின் ஹைபீம் வேறு அடித்துக்கொண்டே இருக்கும். வெளிச்சத்துக்குக் கண்ணின் பாப்பா சட்டென்று சுருங்கும், விரிய நேரம் எடுத்துக்கொள்ளும். ஓட்டும்போது உண்மையான நஷ்டம் அந்தக் கொஞ்ச நேரத்துத் தடுமாற்றமும் கண்ணாடியில் விழும் படலமும்தான். ஆனால் வயதை மறக்கக் கூடாது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பாப்பா சிறுத்துவிடும், லென்ஸ் மஞ்சளடித்துவிடும். மகனுக்கு ஒன்றும் செய்யாத அதே ரூஃப் லைட் அப்பாவைத் திணறடிக்கும்.

நிறத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சாயங்காலம் வீட்டுச் செம்பருத்தியைக் கவனித்தால் தெரியும்: பகலில் இலையைவிடப் பூதான் பளிச்சென்றிருக்கும். இருட்ட இருட்டப் பூ கறுத்துப்போகும், இலை கொஞ்ச நேரம் வெளிறித் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே 200 வருஷத்துக்கு முன்னால் இதைக் கவனித்து எழுதியதால் அவர் பெயரால் வழங்குகிறது. குச்சி செல்களுக்கு நீலப்பச்சைப் பக்கம் கூர்மை அதிகம், சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. அதனால்தான் சில கார்களில் மீட்டர் வெளிச்சத்தை ஆரஞ்சு, சிவப்பில் வைத்தார்கள்.

இப்போதைய ஃபேஷன் நேர்மாறு. கால் வைக்கும் இடம், கதவு, ஸ்பீக்கர் என்று சுற்றிச் சுற்றி நீல எல்ஈடி பட்டை. போன மாதம் ஒரு பையன் புதிதாக ஒட்டிவிட்டு, "அண்ணே, லுக்கா இருக்குல்ல?" என்றான்.

"லுக்கு ஓகே தம்பி. ஒட்டன்சத்திரம் தாண்டினதும் அணைச்சுரலாமா?"

"ஏண்ணே, மேல் லைட் இல்லையே, கீழதான?"

கீழேதான். ஆனால் டேஷ்போர்டின் அடி விளிம்பில் ஒட்டியது பக்கக் கண்ணாடியில் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனியே பொருத்தித் தரும் மங்கலான ஆம்பியன்ட் லைட்டோடு எனக்குச் சண்டை இல்லை. கண்ணாடியில் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் வைப்பார்கள், குறைக்கவும் வழி இருக்கும். கடையில் வாங்கி ஒட்டுவதற்கு அந்த இரண்டும் பெரும்பாலும் கிடையாது.

ரூஃப் லைட்டைவிட இப்போது பெரிய தொல்லை நடுவில் நிற்கும் டச் ஸ்கிரீன். பத்து இஞ்ச் திரையில் பகல் வெளிச்சத்தில் மேப் ஓடும். அதை நைட் மோடுக்கு மாற்றலாம் என்பதே பல ஓனர்களுக்குத் தெரியவில்லை. மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கும் சிறு சக்கரமோ குமிழோ பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது; ஷோரூமிலிருந்து வந்த நாள் முதல் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். விமானமும் செய்துகொண்டிருந்த ஸ்வீடனின் சாப் கம்பெனி, 1990களில் தன் கார்களில் இதற்கென்றே ஒரு பொத்தான் வைத்தது. அழுத்தினால் ஸ்பீடோமீட்டர் தவிர மற்றதெல்லாம் அணைந்துவிடும். ஏதாவது கோளாறு என்றால் மட்டும் அதற்குரிய மீட்டர் தானாக எரியும். விமானத்தில் ராத்திரி ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே லைட்டைக் குறைப்பதும் இதே காரணத்தால்தான். அவசரமாக வெளியே குதிக்க வேண்டி வந்தால் பயணிகளின் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டுமே.

ஆனால் இதையெல்லாம் யாரும் சொல்லித் தராமலே தெரிந்துவைத்திருப்பவர்கள் நம் பஸ் டிரைவர்கள். ராத்திரி டவுனைத் தாண்டியதும், "முன் லைட்ட ஆஃப் பண்ணுப்பா" என்று குரல் வரும். கண்டக்டர் டிக்கெட் போட்டு முடிக்கும் வரைக்கும் பின்பக்க லைட் எரியும், டிரைவர் முதுகுக்குப் பின்னாலிருப்பது எரியாது. ஆம்னி பஸ்ஸில் கேபினுக்கும் பயணிகளுக்கும் நடுவே திரையோ கதவோ இருக்கும். முன் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆசைப்பட்டுத் திட்டு வாங்கியவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருக்கலாம்.

காரில் அப்படி அதட்ட முடியாது, கூலிக்கு ஓட்டுகிறவன். கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெரும்பாலும் தேவை நியாயமாகவே இருக்கும். குழந்தையின் பால் பாட்டில் சீட்டுக்கடியில் உருண்டிருக்கும். பாட்டிக்கு மாத்திரை எடுக்கணும்.

"இருங்கம்மா, பங்க்ல நிறுத்துறேன். ரெண்டு நிமிஷந்தான்."

நிறுத்த இடமில்லாத ரோடு என்றால், செல்போன் டார்ச்சைக் கையால் பாதி மூடி, மடிக்குக் கீழே காட்டித் தேடச் சொல்வேன். பின்சீட்டுக்குத் தனி ரீடிங் லைட் உள்ள வண்டியில் அதைப் போடலாம், நடு லைட்டைவிடத் தேவலை. முன்சீட்டில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறவரிடம் வெளிச்சத்தைக் குறைத்து மடியில் வைத்துப் பார்க்கச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. பக்கத்திலிருந்து முகத்தில் அடிக்கும் வெளிச்சம் ரூஃப் லைட்டுக்குக் குறைந்ததில்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்னதால் அந்த லைட்டை ஒரேயடியாக ஆஃபில் போட்டுவிடாதீர்கள். சுவிட்சில் மூன்று நிலை இருக்கும்: ஆன், டோர், ஆஃப். நடுவிலுள்ள 'டோர்' நிலையில் விடுங்கள். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் அது எரிந்துகொண்டே இருக்கும். நவீன வண்டிகளில் மீட்டரிலும் படம் காட்டும்; பழைய வண்டிகளில் இந்த ஒரு லைட்தான் காட்டும். பங்க்கிலிருந்து வண்டியை எடுத்த பிறகும் மேலே எரிகிறதென்றால் எனக்கு விஷயம் புரிந்துவிடும். "பாட்டி, உங்க பக்கக் கதவ இன்னொரு தடவ நல்லா அடிச்சுச் சாத்துங்க" என்பேன்.